அமெரிக்கக் கதைக்கு ஓர் ஆமா

பதினோரு வருஷம் நான் ஆமா போட்டிருக்கிறேன். வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், வில்லுக்கு முன்னால் தலைவர் உட்கார்ந்து கதை சொல்லுவார். பக்கத்தில் பின்பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார். "ஒரு ஊரிலே" என்று தலைவர் இழுத்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். "ஒரு ராசா" என்றால் "ஆமா". அந்த ஆமா விழாவிட்டால் கதை அடுத்த அடி எடுத்து வைக்காது. வன்னியராஜ் அண்ணாச்சிக்கு அந்த ஆமாவைப் போட்டவள் நான்தான், முத்துராணி.

ஆமா மட்டும் போட்டேனா? பாட்டு எழுதினேன். மெட்டுக் கட்டினேன். எந்த ஊரில் எந்த இடத்தில் சிரிக்க வைக்கணும், எங்கே அழ வைக்கணும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நானே. ஆனால் போஸ்டரில் என்ன போடுவார்கள்? 'வில்லிசைச் செம்மல் வன்னியராஜ் மற்றும் குழுவினர்.' பெரிய போட்டோ அவருடையது. நான் அந்த மற்றுமுக்குள்ளே இருந்தேன். பதினோரு வருஷம் மற்றுமாகவே இருந்தால் மனுஷிக்குக் கோபம் வருமா வராதா?

பங்குனியில் ஏரல் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா முடிந்து வேனில் திரும்பும்போது கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, வார கொடையில ஒண்ணே ஒண்ணுக்கு நான் வில்லுக்கு முன்னால உக்காருதேன். நீங்க பக்கத்துல இருங்க."

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி முத்து, நீ உக்காந்திருவ. உனக்கு ஆமா போட எவன் வருவான்?"

வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சீவலப்பேரி விலக்கு ரோட்டிலேயே இறங்கிக்கொண்டேன். என் ஊருக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். நடந்தேன். நடக்க நடக்க வைராக்கியம் ஏறியது. இனி இந்த மனுஷனுக்கு ஆமா போட்டால் என் பெயர் முத்துராணி இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மறுநாளே எங்கள் ஊர் முப்பிடாதி அம்மன் கோயில் கொடைக் கமிட்டித் தலைவர் மகாராஜன் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆடிக் கொடைக்கு வில்லு எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் கோயில் விஷயத்தில் யாருக்கும் இளக மாட்டார்.

"எம்மா, உன் குரலை எனக்குத் தெரியாதா? ஆனா நீ தலைமையா உக்காந்து யாரும் பாத்ததில்லையே. எங்க கோயில்ல வில்லு பாதியில நின்னா ஊருக்கு ஆவாது. நீ எங்கயாவது ஒரு முழுக் கதையை நிறுத்தாம பாடி முடிச்சுக் காட்டு. நானும் மாரிக்கண்ணு மதினியும் வந்து கேக்கோம். முடிச்சேன்னா அங்கன வச்சே கொடைக்கு உன்னையப் பேசித் தாம்பூலம் தாரேன். இடையில நின்னுட்டுன்னா எப்பவும் போல வன்னியராஜுக்குத்தான்."

மாரிக்கண்ணு மதினி எங்கள் கோயில் சாமியாடி. ஐம்பது வயது. வயலில் நடவு நடும்போது யாரிடமும் அதிர்ந்து பேசாத ஆள். அம்மன் இறங்கிவிட்டால் மட்டும் நாலு ஆம்பிளை சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. தலைமை வில்லுக்காரரை அந்த மதினி ஒத்துக்கொண்டால்தான் தாம்பூலம் தட்டில் ஏறும். எங்கள் கோயில் வழக்கம் அது.

தலைமையாக உட்கார எனக்கு எந்த மேடை கிடைக்கும்? ஒரு மாதம் அலைந்தேன். அப்போதுதான் பாளையங்கோட்டையிலிருந்து அந்த போன் வந்தது.

"முத்துராணி அக்காவா? நான் கெசியா பேசுதேன். இங்க ஒரு காலேஜ்ல ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட். வார ஜூலை நாலாம் தேதியோட அமெரிக்கா சுதந்திரம் வாங்கி இருநூத்தி ஐம்பது வருஷம் ஆவுது. அந்தப் போரை வில்லுப்பாட்டா போட்டா பிள்ளைகளுக்கு நல்லாப் புரியும்னு நெனச்சோம். வன்னியராஜ் அண்ணாச்சியைக் கேட்டேன். அமெரிக்காக்காரன் கதை நம்ம வில்லுல ஏறாதுன்னு சொல்லி வச்சுட்டாவ."

"ஏறும் மேடம்," என்றேன்.

அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் வன்னியராஜ் ஏறாது என்றால் ஏற்றிக் காட்டாமல் விடுவேனா?

மறுநாள் அந்த காலேஜில் கெசியா மேடத்தின் அறையில் உட்கார்ந்தேன். சுவரில் பெரிய வரைபடம். கடலோரமாக வடக்கிலிருந்து தெற்கே பதின்மூன்று நாடுகளைத் தொட்டுக் காட்டினார். எல்லாம் சீமையிலிருந்து, அதாவது இங்கிலாந்திலிருந்து, போய்க் குடியேறினவர்கள் உண்டாக்கினது. தலைமை சீமை ராஜா.

"அப்போ அவங்களும் வெள்ளைக்காரங்கதானே மேடம்? சொந்த ராசாவையேவா எதிர்த்தாங்க?"

"சொந்த ராசாவைத்தான். அவங்க மேல வரி மேல வரியா போட்டான். பத்திரத்துக்கு வரி, கண்ணாடிக்கு வரி, தேயிலைக்கு வரி. ஆனா வரி போடுத அந்தச் சபையில இவங்க ஆளு ஒருத்தனுக்குக்கூட உக்கார இடம் கிடையாது."

"இடம் கிடையாதா?"

"கிடையாது. நீங்க கொடுக்கணும், நாங்க தீர்மானிப்போம், அவ்வளவுதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது என் கதை அல்லவா! மேடம் மேலே சொல்லச் சொல்ல நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பாஸ்டன் என்ற ஊரில் கப்பலேறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களாம், முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டி. யாருடைய தேயிலை? கும்பினியாருடைய தேயிலை. நம் பாளையங்கோட்டைக் கோட்டையில் பீரங்கியோடு உட்கார்ந்திருந்தானே, அதே கிழக்கிந்தியக் கும்பினி!

"சரக்கைத் தூக்கித் தண்ணியில போட்டுட்டானுவளா!" என்று கத்தியே விட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் வில்லில் பாடுகிற சாமி எல்லாம் யார்? அநியாயமாக வெட்டுப்பட்டவன், துரோகத்தில் மாட்டினவன், தூக்கில் தொங்கினவன். செத்தால்தான் பீடம், செத்தால்தான் பாட்டு. கயத்தாற்றில் புளியமரத்தில் தொங்கவிட்டதைப் பாடச் சொன்னால் ஊரையே அழ வைப்பேன். இதில் என்னடாவென்றால் எதிர்த்தவன் ஜெயித்துவிட்டான்! ஜெயித்தவனை எங்கள் வில்லில் யாரும் பாடினதே இல்லை.

கலைச்செல்வியிடம் சொன்னேன். வன்னியராஜின் அக்கா மகள் அவள், குடம் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாமனிடம் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருந்தாள். உடுக்கைக்கு அவள் புருஷன் பேச்சிராஜையும் இழுத்து வந்திருந்தாள்.

"அழுவதுக்கு எடமே இல்லாம என்ன கதைக்கா இது?" என்றாள்.

"இருக்குட்டி. ஜெயிக்கதுக்கு முன்னாலே தோத்துத் தோத்து ஓடியிருக்காங்க. நியூயார்க்குல அடி. பின்வாங்கி ஓட்டம். செருப்பு கெடையாது, சோறு கெடையாது. மாசம் மார்கழி. பாதி ஆளு வீட்டுக்குப் போயிரலாமான்னு நிக்கான். அந்த நேரத்துல அவங்க தளபதி வாஷிங்டன், கிறிஸ்துமஸ் ராத்திரியில, பனிக்கட்டி மிதக்குத ஆத்தை தோணியில கடந்து போயி விடியக்காலம் எதிரி மேல விழுதான். அங்கதான் கதை திரும்புது."

"அந்த எடத்துக்கு என்ன அடி அடிக்கணும்?"

நான் யோசிக்கவே இல்லை. "வரத்து அடி."

அவள் கை குடத்தின் மேலேயே நின்றுவிட்டது. வரத்து என்பது சாமியை அழைக்கிற அடி. கொடையில் அந்த அடி விழுந்தால் சாமியாடிக்கு அருள் வந்தே தீரும்.

"எக்கா, அது சாமிக்கு உள்ளதுல்லா?"

"காலேஜுல எந்தச் சாமிட்டி வரப்போவுது? சும்மா அடி."

எவ்வளவு பெரிய தப்பு! நாற்காலியில் மாரிக்கண்ணு மதினி வந்து உட்காரப்போகிறார் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை. எதைச் செய்தாலும் வன்னியராஜ் முகத்தை நினைத்தே செய்தால் இப்படித்தான் ஆகும்.

வில்லுக்குச் சாத்தான்குளம் போய் நல்ல முற்றின கூந்தப்பனை மரத்தில் செய்து வாங்கினேன். பின்பாட்டுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வன்னியராஜ் ஒவ்வொருவரிடமும் போகக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். கடைசியில் கெசியா மேடம் தன் வீட்டுக்காரரையே கொண்டுவந்து நிறுத்தினார். ஜெனோ சார், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரலுக்குரியவர். குரல் என்னவோ தங்கமான குரல். ஆனால் முதல் நாள் ஒத்திகையில் நான் "ஒரு தேசத்திலே" என்று இழுத்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றார்.

கலைச்செல்வி குடத்தின் மேல் விழுந்து சிரித்தாள்.

"சார், ஆமா. வெறும் ஆமா."

"பழக்க தோஷம்," என்றார் பாவம். மூன்று வாரத்தில் நன்றாகவே பிடித்துக்கொண்டார்.

ஜூலை நாலாம் தேதி சனிக்கிழமை. மதியம் ரெண்டரை மணிக்கு நிகழ்ச்சி. வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 'முத்துராணி வில்லிசைக் குழு வழங்கும் அமெரிக்க விடுதலைப் போர்.' மூன்று தடவை படித்தேன். மற்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கலைச்செல்வி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பவுடர் கரையுது, சவமே, சும்மா இரி" என்றாள்.

"உங்க மாமா வாராவளாட்டி?"

"காய்ச்சல்னு படுத்திருக்காவளாம். வரலைன்னு அத்தை சொன்னா."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

அரங்கு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் முதல்வரும் பேராசிரியர்களும், பின்னால் மாணவர்கள். மூன்றாவது வரிசையில் மகாராஜன் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பைக்குள்தான் தாம்பூலத் தட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் மாரிக்கண்ணு மதினி, காலேஜுக்கு என்று புதுச் சேலை கட்டி, கையைக் கட்டி அடக்கமாக இருந்தார்.

வில்லுக்கு முன்னால் போட்டிருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகப் பக்கவாட்டிலிருந்தே பார்த்த வில் இப்போது எனக்கு நேரே இருந்தது. வீசுகோலை எடுத்து நாணில் ஒரே அடி. வில்லின் மணியெல்லாம் சேர்ந்து குலுங்கின. என் நடுக்கம் அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது.

"பொருநை ஆத்துத் தண்ணி குடிச்ச வில்லு - இது
பொழுது சாயும் முன்னே கதையைச் சொல்லும்!
சீமைக்கும் அப்பாலொரு சீமை உண்டு - அங்கே
தெக்கு வடக்கா பதிமூணு நாடு உண்டு!"

"ஆமா!" ஜெனோ சாரின் குரல் அரங்கு முழுக்க உருண்டது. மாணவர்கள் கைதட்டினார்கள். வரி போட்ட கதையைச் சொன்னேன். "அவன் சபையிலே இவனுக்கு ஒரு நாற்காலி உண்டா?" "இல்லையே!" என்று பிள்ளைகளே கத்தினார்கள். கும்பினித் தேயிலை வந்தது.

"கொண்டுவந்த பெட்டியெல்லாம் தண்ணியிலே - அடே,
கொதிக்காம டீ போட்டான் கடலினிலே!"

முதல்வர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் சூடு பிடித்துவிட்டேன். லெக்சிங்டன் கிராமத்தில் விடியற்காலையில் முதல் துப்பாக்கி வெடித்ததை உடுக்கையில் காட்டச் சொன்னேன். பேச்சிராஜ் காட்டினான். பிலடெல்பியாவில் கூடி, இன்றிலிருந்து நாங்கள் உனக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை என்று ராஜாவுக்கு எழுதி அறிவித்ததைச் சொன்னேன். இருநூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே தேதி என்றதும் விசில் பறந்தது. பிறகு தோல்வி. நியூயார்க்கில் அடிபட்டு ஓடுகிற படையைப் பாடினேன். ஒப்பாரி மெட்டை லேசாகத் தொட்டேன். மகாராஜன் அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

தாம்பூலம் எனக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். நினைத்திருக்கவே கூடாது.

ஆற்றங்கரை வந்தது. கலைச்செல்வியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் வரத்தை அடிக்கத் தொடங்கினாள்.

"பனி மிதக்குது ஆத்திலே - அங்கே
படை எறங்குது ராத்திரியிலே!
செருப்பில்லாத காலிலே - ரத்தம்
சிந்துது பார் பாதையிலே!"

குடமும் உடுக்கையும் வில்லும் ஒன்றாகச் சேர்ந்து ஏறின. மூன்றாவது சுற்றில், மூன்றாவது வரிசையில், மாரிக்கண்ணு மதினியின் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன். பார்த்தும் என் கை நிற்கவில்லை. நாலாவது சுற்றில் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. "ஏஏஏய்!" என்று ஒரு சத்தம். மதினி எழுந்து நடைபாதைக்கு வந்து சுழல ஆரம்பித்துவிட்டார்.

அம்மாடி! மிஷன் காலேஜ் அரங்கத்தில் முப்பிடாதி அம்மன்!

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு கப்சிப் ஆனார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முதல்வர் எழுந்து நின்று, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். கெசியா மேடம் ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொன்னார். நான் எப்படி நிறுத்துவேன்? அருள் வந்த பிறகு வில்லை நிறுத்தக்கூடாது. சாமி கேட்டதற்குப் பதில் சொல்லி, அதுவாக மலையேறுகிற வரைக்கும் அடி விழுந்துகொண்டே இருக்கணும். இடையில் நின்றால் ஆடுகிற உடம்பு தாங்காது என்பார்கள். அதோடு, நின்றால் என் தாம்பூலமும் போனது. மகாராஜன் அண்ணாச்சி மதினியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி மேடைக்கு முன்னால் வந்து நின்றார். கண் ரெண்டும் கோவைப்பழம்.

"யாருட்டி அழைச்சது? எந்த ஆத்துக்கு என்னைய அழைச்சே?"

கதையைவிட்டு இறங்கக்கூடாது. பாட்டிலேயே சொன்னேன்.

"தாயே, இது நம்ம ஆறில்லை..."

ஆமா விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜெனோ சார் வாயைத் திறந்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் வாழ்நாளில் பத்தடி தூரத்தில் சாமியாட்டம் பார்த்ததில்லை.

"டெலாவேர்னு பேரு அந்த ஆத்துக்கு..."

ஆமா இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கதை கால் இடறியது. கலைச்செல்வியின் கை தளர ஆரம்பித்தது. உனக்கு ஆமா போட எவன் வருவான் என்று வேனில் சிரித்த சிரிப்பு காதுக்குள் கேட்டது. இன்னும் ஒரு அடிதான், அதற்குமேல் என்னால் இழுக்க முடியாது. மூச்சைப் பிடித்துச் சொன்னேன்.

"பாதம் வெடிச்ச பிள்ளைக வந்து கரையில நிக்குதே..."

"ஆமா!"

பின்னாலிருந்து வந்தது. கடைசி வரிசையிலிருந்து. கரகரத்த, காய்ச்சல் குரல். எந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியாதா?

தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நின்றார். துண்டு கீழே விழுந்தது. வன்னியராஜ் அண்ணாச்சி!

"அக்கரையில சீமை ராசா கூலிப்படை தூங்குதே..."

"ஆமா!" அவர் நடைபாதையில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"விடியதுக்குள்ள கடந்தாத்தான் உசுரு, இல்லேன்னா எல்லாம் போச்சு..."

"ஆமா! ஆமா!" மேடையேறிவிட்டார். ஜெனோ சார் படக்கென்று நகர்ந்து இடம் விட்டார். என் பக்கத்தில், பதினோரு வருஷமாக நான் உட்கார்ந்த அதே பக்கத்தில், அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கலைச்செல்வியின் குடம் மறுபடி எகிறியது. எனக்குள்ளே எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ!

மதினி கேட்டார், "எத்தனை பேருட்டி?"

"ரெண்டாயிரத்து நானூறு பேரு தாயே!"

"ஆமா!"

"என்னட்ட என்ன கேக்கான்?"

"வழி கேக்கான் தாயே! ஆத்துல வழி கேக்கான்!"

"ஆமா!"

மதினி ரெண்டு கையையும் மேலே தூக்கினார்.

"போங்கலே! நான் வழி விட்டேன்! போங்க!"

அரங்கு இடிந்து விழுகிற மாதிரி ஒரு ஆரவாரம். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். நான் அந்தச் சத்தத்துக்கு மேலேயே குரலைத் தூக்கித் தோணியை அக்கரை சேர்த்தேன். படை ட்ரென்டனில் பாய்ந்தது. கூலிப்படை சட்டை மாட்டுவதற்குள் பிடிபட்டது. அடியைப் பையப் பையக் குறைத்தேன். மதினி தளர்ந்து அமர்ந்தார். மகாராஜன் அண்ணாச்சி தண்ணீர் கொடுத்து, அழைப்பிதழை விசிறியாக்கி வீசினார். நின்றுகொண்டிருந்த முதல்வரும் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்னை யார் பிடிக்க முடியும்? சரடோகா வெற்றியைப் பாடினேன். பிரெஞ்சுக்காரன் கப்பல் உதவிக்கு வந்ததைப் பாடினேன். நம் பாளையக்காரர்களுக்கு அந்த மாதிரி ஒரு கப்பல் வராமல் போனதே என்று ஒரு வரி நிறுத்தினேன். அண்ணாச்சியின் ஆமா அங்கே கம்மியது. யார்க்டவுனில் சீமைப் படையை நிலத்திலும் கடலிலும் மடக்கினதைச் சொன்னேன்.

"சரணடைய வேண்டிய நாளில், சீமைத் தளபதி காரன்வாலிஸ் துரை என்ன செய்தான்?"

"என்ன செஞ்சான்?" அண்ணாச்சி இயல்பாகவே எடுத்துக் கொடுத்தார்.

"உடம்புக்கு முடியலைன்னு படுத்துக்கிட்டான்! வாளை அடுத்த ஆளுகிட்ட கொடுத்தனுப்பினான்!"

கலைச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்த ஆளுக்கும் வாய் கோணியது. "ஆமா" என்றார், ரொம்ப மெதுவாக. அந்தத் துரைதான் பின்னால் நம் நாட்டுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தான் என்றதும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

கெசியா மேடம் விடக்கூடாது என்று சொல்லியிருந்த ஒன்றையும் விடவில்லை. எல்லா மனுஷனும் சமம் என்று எழுதின கையே வீட்டில் அடிமையை வைத்திருந்தது, அந்த மண்ணில் முதலில் இருந்தவர்களுக்கும் விடுதலையில் பங்கு கிடைக்கவில்லை என்று பாடினேன். அந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை. தட்டாததே சரி என்று எனக்குப் பட்டது. வில்லை ஓங்கி அடித்து வாழி பாடினேன்.

"எதிர்த்து நின்னு ஜெயிச்சவன் வாழி - இன்னும்
எடம் கெடைக்காம நிக்கவன் வாழி!
வழிவிட்ட தாயும் வாழி - இந்தக்
கதைக்கு ஆமா போட்டவர் வாழி!"

கடைசி அடி நான் எழுதி வைத்தது அல்ல, வாயில் தானாக வந்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

கைதட்டல் ஓயவே இல்லை. மாரிக்கண்ணு மதினி கொண்டையை முடிந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல, "நல்லாப் பாடுனம்மா, பாதிக்கு மேல ஞாபகம் இல்ல" என்றார். மகாராஜன் அண்ணாச்சி மஞ்சப்பையைத் திறந்து தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம். ரெண்டு கையாலும் வாங்கினேன்.

வன்னியராஜ் அண்ணாச்சி மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தட்டோடு போய் எதிரே நின்றேன்.

"காய்ச்சல்னு சொன்னிய?"

"காய்ச்சல்தாம்ட்டி. நீ பாதியில நிக்கதைப் பாக்கத்தான் வந்தேன்." பொய் சொல்லவில்லை மனுஷன். "ஆனா ஆமா விழாம ஒரு வில்லு தவிக்கதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. வாய் தானா சொல்லிட்டு."

அவர் மேலிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் ரொம்பக் கொஞ்சம்தான். ஜெனோ சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரெண்டு கையையும் கூப்பி, "அக்கா, கொடைக்கு என்னைய விட்டிருங்க" என்றார்.

"அண்ணாச்சி, ஆடிக் கொடைக்குப் பின்பாட்டுக்கு ஆளு இல்ல. நீங்க வருவியளா?"

அவர் என் புது வில்லுப் பக்கம் குனிந்தார். விரலால் ஒரு மணியைத் தட்டினார்.

"போஸ்டர்ல எப்படிப் போடுவ?"

"முத்துராணி மற்றும் குழுவினர்."

"நான்?"

"மற்றுமுக்குள்ள."

அண்ணாச்சியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வேனில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்து, என் பக்கவாட்டிலிருந்த அந்த இடத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"ஆமா."